கோட்டுக்கு அந்தப் பக்கம்

உடம்பு தேறுவது ஏணி ஏறுகிற மாதிரி, தினம் ஒரு படி மேலே போய்க்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்காத புண்ணியவான்கள். வேண்டாத விருந்தாளி ஒருவர் கிளம்புகிற மாதிரிதான் வியாதி கிளம்பும். எழுந்துவிட்டார், அப்பாடா என்று நாம் மூச்சு விட்டால், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு கதையை ஆரம்பிப்பார். அவளுக்கும் அப்படித்தான். ஒரு நாள் தானாக எழுந்து குளித்து, நைட்டியை மாற்றி, ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். மறுநாள் தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கி, பாதித் தண்ணீர் மடியில் கொட்டும். கொட்டினதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, துணி தானாகக் காயும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

தெருவில் அவளுக்குப் பார்லரக்கா என்று பெயர். கடைவீதியில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற அழகு நிலையத்தில், கண்ணாடிக்கு முன்னால் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. கல்யாணப் பெண்ணோ, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பெண்ணோ, யார் வந்தாலும் "ஜன்னலோர அக்கா ஃப்ரீயா?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்கே இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். கடைக்கு விளம்பரப் பலகையே தேவையில்லை, இவளைத் திருப்பி நிற்க வைத்தால் போதும் என்பாள் முதலாளியம்மா. இப்போது அந்தத் தலையில், நாற்று முளைத்த மாதிரி விரலுக்குப் பிடிபடாத குட்டை முடி. அதன் மேல் எப்போதும் ஒரு பூப்போட்ட ஸ்கார்ஃப்.

ரத்தத்தில் வந்த வியாதி. பெயரைச் சொன்னாலே கேட்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும் என்பதால் அந்த வீட்டில் யாரும் பெயரைச் சொல்வதில்லை. ஊசி, மருந்து, மறுபடி ஊசி என்று போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்த மருந்து கெட்டதோடு நல்லதையும் சேர்த்துக் கொன்றது. சாதாரண சளிக்கிருமி வந்தால்கூடத் தடுக்க உடம்பில் ஆள் இல்லை. வீட்டிலோ ஒன்றாம் வகுப்பு படிக்கிற பெண் குழந்தை. பள்ளிக்கூடம் போகிற குழந்தையின் மூக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் யாருக்குச் சளி பிடித்தாலும் அதில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்துவிடும். "குழந்தையைக் கிட்டே விடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் கணவன் எலக்ட்ரீஷியன். கரண்டு அடித்தாலும் "ம்" என்றுதான் சொல்வான் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவன் வேலைப் பையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தான். படுக்கையறை வாசலுக்கு வெளியே, ஹாலில், சுவரிலிருந்து சுவர் வரை தரையில் ஒரு கோடு ஒட்டினான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் குழந்தை.

குழந்தைக்கு வீட்டில் வாலு என்று பெயர். அந்தப் பெயருக்கு அப்போது எந்தக் குறையும் வைக்காத பிள்ளை. கோடு போட்ட முதல் வாரம் கட்டைவிரலை மட்டும் கோட்டில் வைத்துவிட்டு, "தாண்டலயே! தாண்டலயே!" என்று கத்துவாள். அம்மாதான் அவளைக் கூப்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே விளக்கமாகச் சொன்னாள்.

"இங்க பாரு செல்லம். அம்மா ரத்தத்துல இப்ப சண்டை போட ஆளே இல்ல. உன் மூக்குல இருக்கிற சளிப்பூச்சி கோட்டைத் தாண்டி வந்துச்சுன்னா அம்மாவைத் தூக்கிட்டுப் போயிடும். புரியுதா?"

"எங்க தூக்கிட்டுப் போகும்?"

"ரொம்ப தூரம்."

பயமுறுத்தினால்தான் கேட்பாள் என்று நினைத்தாள். அது ஒரு தப்பு. இன்னொரு தப்பும் நடந்தது. சளிப்பூச்சியைப் பற்றிச் சொன்னவள், மருந்தால் முடி கொட்டும் என்பதைக் குழந்தையிடம் சொல்லவே இல்லை. ஊரார் தலைக்கெல்லாம் தைரியம் சொன்னவளுக்குத் தன் தலையைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. முன்கூட்டியே வெட்டிவிடலாம் என்று முதலாளியம்மா சொன்னபோதும் மனசு கேட்கவில்லை. பின்னலைத் தளர்த்திப் போட்டு மேலே ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தவளை, ஒரு நாள் சாயங்காலம் காய்ச்சல் தூக்கியடித்து, கணவன் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பிழைத்ததே பெரிது. பல வாரம் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது தலை வழுக்கையாக இருந்தது.

அதற்குப் பிறகு வாலு கோட்டில் கால் வைக்கவே இல்லை. கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுவாள். அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை. "எவ்வளவு சமத்தாயிட்டா பாரு!" என்று வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

"சும்மாவா? யாரு வளர்ப்பு?" என்று அதற்குப் பெருமைப்பட்டுக்கொண்டவர் நாத்தனார்.

நாத்தனார், கணவனின் அக்கா. பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். தெருவில், வீட்டில், பால்காரர் வாயில், எங்கேயும் அவருக்கு வார்டன் என்றே பெயர். தம்பி வீட்டில் இப்படி ஆகிவிட்டது என்று கேட்டதும், சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர். வந்த அன்றைக்கே சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினார். குரல் கொஞ்சம் உரக்கத்தான். குழம்பில் காரமும் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் நாற்றமெடுத்த துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போட்டவர், நடு ராத்திரியில் வாந்தியை ஏந்தப் பாத்திரத்தோடு ஓடி வந்தவர், அவர்தான்.

போன மாதம் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இனிமே குழந்தை தாராளமா வரலாம், கட்டிப் பிடிச்சுக்கலாம்" என்று சொன்னார். ஆட்டோவில் வீடு வரும் வழியெல்லாம் அவள் கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மருந்து அவள் விரல் நுனிகளை மரத்துப்போக வைத்திருந்தது. சட்டைப் பட்டன் போடக் கணவன் வர வேண்டும். அந்த விரல்களுக்கு அவள் நினைத்து வைத்திருந்த முதல் வேலை ஒன்றே ஒன்று: வாலுவை முன்னால் உட்கார வைத்து, வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிட வேண்டும். வார்டன் வளர்ப்பில் குழந்தையின் தலை, வாரியும் வாராததுமாக, எப்போதும் ஒரே ஒரு ரப்பர் பேண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்தவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

கணவன் டேப்பை உரித்தான். டேப் வந்துவிட்டது, பசை வரவில்லை. அந்தப் பசையில் வீட்டு அழுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது. சிவப்புக் கோடு போய்க் கறுப்புக் கோடு ஆயிற்று, முன்னைவிடப் பளிச்சென்று.

"வாடி என் தங்கம்! டாக்டர் சரின்னுட்டாரு. ஓடி வா!" அவள் படுக்கையறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

வாலு கறுப்புக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"நான் இங்கயே இருக்கேம்மா."

"ஏண்டி?"

"வீட்டுப்பாடம் இருக்கு."

ஒன்றாம் வகுப்பில் அப்படி என்ன மலை மாதிரி வீட்டுப்பாடம் என்று யாரும் கேட்கவில்லை. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். பழகவும் இல்லை, சரியாகவும் இல்லை. அவள் ஹாலுக்கு வந்தால் வாலு சமையலறைக்குப் போய்விடுவாள். அவள் சமையலறைக்குப் போனால் வாலு வாசற்படிக்குப் போய்விடுவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கோட்டின் தூரம் மட்டும் மாறவே இல்லை.

அவளோ விரல்களைப் பழக்கிக்கொண்டிருந்தாள். பகலில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, தரை துடைக்கிற புது மாப்பை எடுத்து, கட்டையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அதன் நூல்களை மூன்றாகப் பிரித்துப் பின்னுவாள். பாதியில் ஒரு இழை விரலுக்குத் தெரியாமலே நழுவிவிடும். பிரித்து மறுபடி பின்னுவாள். ஒரு நாள் வார்டன் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, மாப்புக்குக் கல்யாணமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். போய், தரை துடைக்கப் பழைய துணியை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு புது மாப்பை அந்த வீட்டில் யாரும் தரைக்குக் கொண்டுபோகவில்லை.

லீவு முடிகிற நாள் வந்தது. வார்டன் கிளம்பியே ஆக வேண்டும். சாப்பிடும்போது பேச்சை எடுத்தவர் அவர்தான்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. வாலு கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும். விடுதிக்குப் பக்கத்துலயே நல்ல ஸ்கூல் இருக்கு. இந்த வருஷம் முடியட்டும். நீ இன்னும் ஒரு குடம் தண்ணி தூக்க முடியாம இருக்க. இவன் காலைல போனா ராத்திரிதான் வர்றான். புள்ளைக்கு யாரு பண்ணுவா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

"அக்கா சொல்றதும் சரியாத்தான் படுது," என்றான். இத்தனை நாள் "ம்" என்று மட்டும் சொன்னவன் வாய் திறந்து பேசியது இதற்காகவா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"புள்ளையக் கேப்போம்," என்றாள். "அவ வாயால சொல்லட்டும்."

கேட்டாள். மறுநாள் காலையில் அவள் படுக்கையறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாலு கோட்டுக்கு அந்தப் பக்கம் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"அத்தை ஊருக்குப் போறாங்கல்ல, நீ அத்தைகூடப் போறியா? இல்ல, அம்மாகூட இருக்கியா?"

வாலு யோசிக்கவே இல்லை. "அத்தைகூடப் போறேன்."

"அம்மா வேணாமா?"

குழந்தை ஷூவின் நுனியால் தரையைத் தேய்த்தாள். தெரு முனையில் வேன்காரர் ஹாரன் அடித்ததும் விட்டால் போதும் என்று ஓடிவிட்டாள்.

பெற்ற பிள்ளை முகத்துக்கு நேராக நீ வேண்டாம் என்று சொன்னால், அந்த வயிறு என்ன பாடுபடும் என்பதை எழுதிக் காட்ட முடியாது. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. சமையலறை வாசலுக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்டன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தோஷமாக்கா?"

"என்ன?"

"எம் புள்ளைய எங்கிட்டேருந்து பிரிச்சாச்சுல்ல? இப்ப சந்தோஷமா? உங்களுக்குன்னு ஒண்ணு இல்லைங்கிறதுக்காக எம் புள்ளைய எடுத்துக்கிட்டீங்க. நான் செத்துப்போயிருந்தா இன்னும் வசதியா இருந்திருக்கும், இல்ல?"

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். எதற்கும் பதில் வைத்திருக்கிற வார்டன், குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தேய்த்த பாத்திரத்தையே திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வேளாவேளைக்கு மாத்திரையும் பாலும் மட்டும் கட்டில் பக்கத்து ஸ்டூலுக்கு வந்தன.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம். வார்டன் வாலுவின் கவுன்களை மடித்துப் பையில் அடுக்கி வாசல் பக்கம் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார். அந்தப் பையையும் கறுப்புக் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அவளுக்கு, என்ன தோன்றிற்றோ, விறுவிறுவென்று எழுந்தாள். எல்லாம் இந்தச் சனியன் பிடித்த கோட்டால்தான். வார்டன் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், கணவன் கத்தியால் சுரண்டிப் பார்த்தான். அவர்களுக்கு என்ன தெரியும்? கைகால் முடி எடுக்கிற மெழுகு ஒட்டிக்கொண்டால் எதைப் போட்டால் போகும் என்று பார்லரில் வேலை பார்க்கிறவளைக் கேட்டிருக்க வேண்டும். சமையலறையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து, தரையில் மண்டிபோட்டு, கோடு நெடுக ஊற்றி ஊறவிட்டு, பழைய துண்டால் தேய்த்தாள்.

பசை திரிதிரியாக உருண்டு வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் தேய்ப்பாள், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள், மறுபடி தேய்ப்பாள். கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் விடவில்லை. கடைசியில் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அங்கே கோடு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. வெறும் தரை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தன் கையால் ஒரு வேலையைச் செய்து முடித்திருந்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் அங்கேயே, படுக்கையறை நிலைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. வாலு உள்ளே வந்தாள். ஷூவைக் கழற்றக் குனிந்தவள், தரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"கோடு எங்கம்மா?"

"அழிச்சிட்டேன்! பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

குழந்தை பேயறைந்த மாதிரி பின்னால் நகர்ந்தாள். முதுகுப் பை, ஒருக்களித்திருந்த வாசல் கதவில் இடிக்கும்வரை நகர்ந்தாள்.

"ஏன் அழிச்ச? ஏம்மா அழிச்ச? நான் எங்க நிக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இனிமே எங்கயும் நிக்க வேணாம்டி. நேரா எங்கிட்ட வா."

"வர மாட்டேன்! வந்தா உன்ன மறுபடியும் தூக்கிட்டுப் போயிடும்!"

அவளுக்குப் புரியவில்லை. "மறுபடியுமா? எப்படி செல்லம் மறுபடியும்?"

மாடியிலிருந்து துணியோடு இறங்கி வந்த வார்டன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். வாலு விக்கி விக்கி அழுதுகொண்டே சொன்னாள். துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் ஒன்று விடாமல் புரிந்தது.

அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோன அந்த நாள். மத்தியானம் அத்தை குளிக்கப் போயிருந்தார், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாலுவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையிலிருந்தே அம்மாவின் பின்னல் நுனியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப் பழகிய பிள்ளை. கோடு போட்டதிலிருந்து தூக்கமே சரியாக வரவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம் என்று கோட்டைத் தாண்டினாள். கட்டிலில் ஏறினாள். பின்னலைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் பிடித்தாள். இழுக்கவே இல்லை. அது கையோடு வந்துவிட்டது.

"நான் பிய்க்கலம்மா. அதுவா வந்துடுச்சு. அப்புறம் சாயங்காலம் அப்பா உன்னத் தூக்கிட்டுப் போனாரு. நீ திரும்பி வந்தப்ப முடியே இல்ல."

இத்தனை மாதமாக, ஒரு சின்னஞ்சிறு நெஞ்சு தனியாக அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. சமத்து, சமத்து என்று ஊரே மெச்சியிருக்கிறது. பெரியவர்களைப் போல முட்டாள்கள் உலகத்தில் கிடையாது.

"அதனாலயா அத்தைகூடப் போறேன்னு சொன்ன?"

"அங்க கோடு இல்லல்ல? இங்கன்னா நான் தூக்கத்துல தாண்டிடுவேன்."

பிறகு வாலு முதுகுப் பையை இறக்கி, பென்சில் பெட்டியைத் திறந்தாள். பென்சில்களுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தாள். பழைய ரிப்பனில் சுற்றிய முடிக் கற்றை. நீளமாக, கறுகறுவென்று, சுருட்டி வைத்த முடி. அதைத் தரையில் வைத்து, முன்னே கோடு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, எட்டி நின்றுகொண்டே ஸ்கேலால் அம்மா பக்கம் தள்ளிவிட்டாள்.

"பத்திரமா வச்சிருந்தேன். ஒண்ணுகூடத் தொலைக்கல. திருப்பி ஒட்டிக்கலாம்லம்மா?"

அவள் அதைக் கையில் எடுத்தாள். மரத்துப்போன விரல்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கன்னத்தில் வைத்துக்கொண்டபோது தெரிந்தது. அப்போதுதான், அன்று வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

"நீ பண்ணலடி. மருந்துதான் முடியைக் கொட்ட வச்சுது. அம்மா உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

"பொய். மருந்து நல்லாக்கும்னு நீதான சொன்ன?"

"நல்லாக்கத்தான் செஞ்சுது. முடியைக் கொட்டிட்டு நல்லாக்கிச்சு."

வாலு யோசித்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அப்ப காய்ச்சல்?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது நினைவுக்கு வந்தது: வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா? குழந்தைக்கு இருந்தது, ஆனால் குழந்தை கிட்டே வரவே இல்லை என்று எல்லாரும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். இப்போது குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு இமைகூட அசையாமல்.

"காய்ச்சல் வேற எங்கேருந்தோ வந்துது," என்றாள் அவள். "உங்கிட்டேருந்து வரல. சத்தியமா."

அது பொய்யா நிஜமா என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. ஒரு தாய் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

வாலு நம்பினாளா என்று தெரியவில்லை. திரும்பக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். வார்டன்தான் உள்ளே வந்து, துணிக் குவியலை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் வாசலில் இருந்த பையை எடுத்தார். "கவுனெல்லாம் பிரிச்சுத் திருப்பி அலமாரியில வச்சிடறேன்," என்றார் பொதுவாக.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"ஆமா, சொன்ன. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். அதைப் பத்தி அப்புறம் சண்டை போட்டுக்கலாம். முதல்ல புள்ளையப் பாரு." குரல் எப்போதும் போல உரக்கத்தான் வந்தது. கண்ணைத் துடைக்கக் கைதான் காலியாக இல்லை.

அவர் உள்ளே போனதும் அவள் முழங்காலில் எழுந்தாள்.

"வாலு, நீ தாண்ட வேணாம். அம்மா தாண்டறேன். நான் தாண்டினா ஒண்ணும் ஆகாது, கோடு உனக்குத்தான். நீ அந்தப் பக்கம் திரும்பி உட்காரு, போதும்."

குழந்தை தயங்கித் தயங்கித் திரும்பி, கதவைப் பார்க்க உட்கார்ந்தாள். அவள் கையூன்றி, தரையோடு தரையாக நகர்ந்து, துடைத்த ஈரத்தைத் தாண்டி, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள். ரப்பர் பேண்டை உருவினாள். இரண்டு முடி சிக்கி அறுந்தது. "ஆ" என்று ஒரு சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. எண்ணெய்க் கையோடு வகிடு எடுத்தாள். வகிடு கோணலாக வந்தது. மூன்றாகப் பிரித்தாள். ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று. இழை நழுவியது, பிடித்தாள். மாப்பில் பழகியது வீண் போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் இப்படி ஒரு பின்னலைப் போட்டிருந்தால் முதலாளியம்மா வேலையை விட்டே அனுப்பியிருப்பாள். முந்தியெல்லாம் தலை வாரும்போது வாலு ஒரு நொடி சும்மா இருக்க மாட்டாள். கத்துவாள், நெளிவாள், வகுப்புக் கதை முழுவதும் சொல்வாள். இன்றைக்கு ஒரு சத்தம் இல்லை, ஒரு அசைவு இல்லை. தோள் மட்டும் கட்டை மாதிரி விறைத்திருந்தது.

ஒரு பக்கம் முடிந்தது. நுனியில், குழந்தை கொடுத்த பழைய ரிப்பனையே கட்டினாள். கட்டிவிட்டு, முகம் எப்படி இருக்கிறதென்று பார்க்க எட்டிக் குனிந்தாள்.

வாலு இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து விரல்களின் மேல் ஓடியது. தாங்க முடியாதபோதெல்லாம் கதவிடுக்கில் முகத்தை வைத்து, வெளிக்காற்றை ஒரு வாய் இழுத்துவிட்டு, மறுபடி பொத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டாள் பொத்திய கைக்குள்ளிருந்தே. "மூச்சு விடலாமா?"

"விடுடி," என்றாள் அவள். மறுபடி சொன்னாள். "விடும்மா. நல்லா விடு."

வாலு கையை எடுத்து மூச்சை விட்டாள், அப்போதும் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டுதான்.